முட்டுச்சந்தா, குறுக்குத் தெருவா?

மே மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு விதமான புழுக்கம். ஒன்று கத்திரி வெயில். அதற்கு மோர் இருக்கிறது, நுங்கு இருக்கிறது, சாயங்காலமானால் காசிமேட்டுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கடற்காற்றும் வருகிறது. மற்றொன்று பரீட்சை முடிவு. அதற்கு எந்தக் காற்றும் போதாது. மார்க் தெரிந்த நிமிஷத்திலிருந்து, "அடுத்து என்ன?" என்ற கேள்வி கூடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. எதிர்வீட்டு அக்கா கேட்கிறார். பால் போடுகிறவர் கேட்கிறார். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார்கூட டெலிபோன் செய்து கேட்கிறார்!

கேட்கிறவர்களுக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையிலிருந்து வரும் கடிதங்களில் இந்த மாதம் இதே பேச்சுத்தான். அவற்றில் ஒன்றை உங்களோடு சேர்ந்து படிக்க ஆசைப்படுகிறேன். திருவொற்றியூர் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"என் வீட்டுக்காரர் மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி. பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசாங்கப் பள்ளியில்தான் படித்தாள். இப்போது ப்ளஸ் டூ தேறிவிட்டாள். கணக்கில் மார்க் சுமார்தான். ஊருக்கு வெளியே ஒரு தனியார் இன்ஜினீயரிங் கல்லூரியில் இடம் தருகிறோம் என்கிறார்கள். அதற்குத் தாலியைத் தவிர என்னிடம் இருக்கும் நகையெல்லாம் அடகுக்குப் போக வேண்டும். பெண்ணோ, 'பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேர்த்துவிடம்மா, போதும்' என்கிறாள். என் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. 'கல்யாணப் பத்திரிகையில் பெண் பெயருக்குப் பின்னால் டிப்ளமோ என்று போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?"

பார்த்தீர்களா, சகோதரிகளே! பெண் வேலையைப் பற்றிப் பேசுகிறாள், தாய் நகையைப் பற்றிப் பேசுகிறாள், மாமா பத்திரிகையைப் பற்றிப் பேசுகிறார். மூவரும் பேசுவது ஒரே விஷயத்தைத்தான். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைக்குக் குறுகிய காலப் படிப்பு நல்லதா, நீண்ட காலப் படிப்பு நல்லதா?

என்னைக் கேட்டால், கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும் என்பேன்.

நம் வடசென்னைத் தெருக்கள் உங்களுக்குத் தெரியும். சில சந்துகள் அகலமாக இருக்கும், உள்ளே போனால் சுவரில் போய் முட்டும். சில சந்துகளோ இரண்டு பேர் ஒதுங்கி நடக்கிற அகலம்தான். ஆனால் அவற்றில் நுழைந்தால் சட்டென்று மெயின் ரோட்டில் கொண்டுபோய்விடும். தெரிந்தவர்கள் சந்தின் அகலத்தைப் பார்ப்பதில்லை, மறுமுனை திறந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். படிப்பும் அப்படியே. ஒரு வருஷமா, நான்கு வருஷமா என்பதைப் பிறகு பார்க்கலாம். அது முட்டுச்சந்தா, மெயின் ரோட்டில் சேருகிற குறுக்குத் தெருவா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

இந்தத் தத்துவத்தை அமெரிக்காக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டியே இரண்டு வருஷக் கல்லூரி ஒன்றை ஆரம்பித்தார்கள். வீட்டுப் பக்கத்திலேயே, குறைந்த செலவில் இரண்டு வருஷம் படிக்கலாம். அதற்குமேல் விருப்பமிருந்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்தில் போய்ச் சேரலாம். விருப்பமில்லாவிட்டால் அந்த இரண்டு வருஷப் படிப்பை வைத்துக்கொண்டே வேலைக்குப் போகலாம். இன்று அந்தத் தேசமெங்கும் இப்படிப்பட்ட கல்லூரிகள் பரவியிருக்கின்றன. கம்யூனிட்டி காலேஜ் என்பது அவற்றின் பெயர். தாதிகள், கார் மெக்கானிக்குகள், போலீஸ்காரர்கள் என்று எத்தனையோ பேர் அவற்றில் படித்து வருகிறவர்கள்தான்.

நம் பக்கத்தில் இந்த யோசனை 1995-ல் வந்து சேர்ந்தது. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் அந்த வருஷம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. மறு வருஷம், 1996-ல், சென்னை - மயிலை உயர்மறைமாவட்டத்தார் சென்னையில் ஒன்று தொடங்கினார்கள். லயோலா கல்லூரியோடு தொடர்புடைய ஏசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களும், பரீட்சையில் தவறியவர்களும், கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பெண்களும்கூட வந்து சேரலாம் என்பது ஏற்பாடு. பேசப் பழகுவது, கணக்கு வழக்குப் பார்ப்பது, ஒரு தொழிலைக் கற்பது, பிறகு சில மாதம் வேலையிடத்திலேயே போய்ப் பழகுவது என்று ஒரு வருஷத்துக்குப் பாடம் வகுத்தார்கள். பின்னால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இவற்றில் பலவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2013 வாக்கில் பல்கலைக்கழக மானியக் குழுவும், ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்தப் பணம் கொடுக்க ஒரு திட்டம் போட்டது.

இது உயர்ந்த காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டாவதோடு நின்றுவிட்ட பெண்ணுக்கும், பத்தாவதில் இரண்டு பாடம் போய்விட்ட பையனுக்கும் கதவைத் திறந்து, "வா" என்று சொன்னவர்கள் இவர்கள். அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், "இனி என்ன, அவ்வளவுதான்" என்று கையை உதறாமல் ஒரு நல்ல சமுதாயக் கல்லூரியை விசாரியுங்கள்.

ஆனால் விசாரிக்கும்போது மறுமுனையையும் கேளுங்கள். எல்லாச் சமுதாயக் கல்லூரிச் சான்றிதழ்களும் மேற்படிப்பில் கொண்டு சேர்ப்பவை அல்ல. சில, கையில் தொழிலைக் கொடுத்துவிட்டு அத்தோடு நின்றுவிடும். அது போதும் என்கிறவர்களுக்குக் குறையில்லை. ப்ளஸ் டூ முழுதாகத் தேறிய பெண்ணை அதில் சேர்ப்பதானால் மட்டும் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். ஏனென்றால் அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் செய்கிற அந்த இரட்டை வேலையை, அதாவது வேலைக்கும் வழி, மேற்படிப்புக்கும் வழி என்பதை, நம் ஊரில் வேறொருவர் வெகு நாளாகச் செய்துகொண்டிருக்கிறார். அவர்தான் பாலிடெக்னிக்!

அவர் வடசென்னைக்குப் புதியவரும் அல்ல. 1916-ல் பிராட்வேயில் ஒரு தொழிற்பள்ளி ஆரம்பித்தார்கள். ராயபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பள்ளிக்கூடம்தான் வளர்ந்து வளர்ந்து, இடம் போதாமல் தெற்கே குடிபோய், இன்று தரமணியில் மத்திய பாலிடெக்னிக் கல்லூரியாக நிற்கிறது. நம் தெருவில் பிறந்து வளர்ந்த பிள்ளை அடையாறு பக்கம் வீடு கட்டிக்கொண்டு போன மாதிரி!

இப்போது ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கணக்குப் போடுகிற நமக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை.

பத்தாவது தேறிய ஒரு பெண் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்க 2 வருஷம், பி.இ. படிக்க 4 வருஷம். மொத்தம் 6 வருஷம்.

அதே பெண் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் டிப்ளமோவுக்கு 3 வருஷம். பிறகு பி.இ. படிப்பில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அதற்கு 3 வருஷம். மொத்தம் அதே 6 வருஷம்தான்!

ப்ளஸ் டூ தேறிவிட்டு, பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேருகிறவளுக்கு டிப்ளமோ 2 வருஷம். பிறகு பி.இ. 3 வருஷம். பத்தாவதிலிருந்து எண்ணினால் 7. ஒரு வருஷம்தான் கூடுதல்.

ஐ.டி.ஐ. என்று நாம் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையத்தில் பத்தாவதுக்குப் பிறகு 2 வருஷம் பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில் படித்தாலும், அதை வைத்துக்கொண்டு பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேரலாம். 2, 2, 3 என்று கூட்டிப் பாருங்கள். அதுவும் 7 வருஷம்தான்.

ஆக, வழி வேறானாலும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நேர்வழியில் பி.இ. சேர்ந்த பெண்ணுக்கு மூன்றாம் வருஷம் வீட்டில் ஒரு கஷ்டம் வருகிறது என்று வையுங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஒப்பந்த வேலை நின்றுவிட்டது. படிப்பை நிறுத்த வேண்டிய நிலைமை. அப்போது அவள் கையில் மிஞ்சுவது ப்ளஸ் டூ சான்றிதழ் மட்டும்தான். அடகு வைத்த நகைக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். பாலிடெக்னிக் வழியில் வந்தவளோ நடுவழியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து இளைப்பாறலாம். டிப்ளமோ கையில் இருக்கிறது. வேலைக்குப் போகலாம். வீடு நிமிர்ந்த பிறகு மறுபடி நடக்கலாம். மாதச் சம்பளம் நிச்சயமில்லாத குடும்பங்களுக்கு இந்தத் திண்ணை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எல்லாம் நல்லதுதானா, கெடுதலே கிடையாதா? உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, டாக்டராக வேண்டும் என்று கனவு காணும் பெண்ணைப் பத்தாவதோடு பாலிடெக்னிக்கில் சேர்க்காதீர்கள். மருத்துவப் படிப்புக்கு ப்ளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். அந்தக் கதவை நாமே சாத்தியதாகிவிடும். இரண்டாவது, பெரிய சர்க்கார் பரீட்சைகள் பலவற்றுக்குப் பட்டம் கேட்கிறார்கள். டிப்ளமோவோடு நிற்கிறவர்கள் அங்கே போக முடியாது. மூன்றாவது, டிப்ளமோ முடித்து நேரே பி.இ. இரண்டாம் வருஷத்தில் போய் உட்காரும் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் கொஞ்சம் மிரட்டும். மற்றவர்கள் ப்ளஸ் டூவிலும் முதல் வருஷத்திலும் போட்டுப் பழகிய கணக்கை இவர்கள் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருக்கும். நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. திண்ணையில் உட்கார்ந்த சிலர் அங்கேயே படுத்துத் தூங்கிவிடுவதும் உண்டு! வேலை கிடைத்தது, சம்பளம் வந்தது, வரனும் வந்தது; மேற்படிப்பு அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி ஒரேயடியாகத் தள்ளிப்போய்விடும். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்கு. அதைத் தடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இனி, எந்தப் படிப்பானாலும் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். சேலை வாங்கும்போது நூலைப் பிரித்துப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சாயம் போகுமா என்று பத்துக் கேள்வி கேட்கிறோம் அல்லவா? பெண்ணின் படிப்புக்கு மூன்றாவது கேட்க வேண்டாமா?

ஒன்று: "சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்?" டிப்ளமோ என்றால் தமிழ்நாடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பரீட்சையா, கல்லூரிக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் அனுமதி உண்டா? ஐ.டி.ஐ. என்றால் தேசியத் தொழிற்சான்றிதழா? சமுதாயக் கல்லூரி என்றால் எந்தப் பல்கலைக்கழகம்? "நாங்களே கொடுப்போம்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

இரண்டு: "இதற்குப் பிறகு எந்தப் படிப்பில், எந்த வருஷத்தில் சேரலாம்?" வாயால் சொல்வதை நம்பாதீர்கள். போன வருஷம் இங்கே படித்து மேலே போனவர்கள் யார், எங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். அவர்களில் ஒருவரோடு உங்கள் பெண்ணைப் பேசச் சொல்லுங்கள்.

மூன்று: "பட்டறையைக் காட்ட முடியுமா?" இதுதான் உரைகல். லேத் மிஷினில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் இருந்தால் பிள்ளைகள் தொட்டு வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். தூசி இருந்தால், இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் பூட்டைத் திறக்கிறார்கள் என்று அர்த்தம். அடுப்பைப் பார்த்தே சமையல் நடக்கிற வீடா என்று சொல்லிவிடுகிற நமக்கு இது தெரியாமல் போகுமா?

வடசென்னைக்காரர்கள் இவ்வளவு அக்கறையாகக் கேட்க வேண்டியதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் தொழிற்சாலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எப்., பின்னால் டயர் ராஜ்ஜியமே கட்டியது. 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வளர்ந்து அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955-லிருந்து என்பீல்டு மோட்டார் சைக்கிளின் 'டப டப' சத்தம் திருவொற்றியூருக்குத் தாலாட்டு. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையம், 2001-லிருந்து புதுத் துறைமுகம் வேறு. அந்தக் காலத்தில் அப்பா வேலை பார்த்த இடத்தில் பிள்ளையும் போய்ச் சேர்ந்துகொள்வான். மிஷின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தொழில் வரும். காகிதம் யார் கேட்டார்கள்?

காலம் மாறிவிட்டது. பெரம்பூரில் ஊருக்கே மணியடித்துக்கொண்டிருந்த பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்த பிறகு, மூட்டை தூக்கின தோள்களுக்குப் பதில் கிரேன்கள் வேலை செய்கின்றன. என்பீல்டு கம்பெனி 2013-ல் ஒரகடத்தில் புது ஆலை திறந்தது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் அணைந்தது. இருபது வருஷம் ஒரு மிஷினை ஓட்டியவர், அந்த மிஷின் போனதும் வேறு கேட்டில் போய் நின்றால், "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். கைத்திறமை அவருடைய கையிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல ஒரு காகிதம் இல்லை. தொழிற்சாலை இடம் பெயரும், மூடும், மறுபடி வேறு ஊரில் திறக்கும். சான்றிதழ் நம்மோடு கூடவே வரும். அப்பாக்களுக்கு இல்லாதுபோன அந்தக் காகிதத்தைப் பெண்களுக்காவது வாங்கிக் கொடுக்க வேண்டாமா?

"பெண் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புவதா?" என்று ஒரு பெரியம்மா முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. பெரியம்மா, டிப்ளமோ என்றால் சம்மட்டி பிடிப்பது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மணலி ஆலைகளுக்கு வேண்டிய ரசாயனப் படிப்பைத் தரமணியிலுள்ள வேதியியல் தொழில்நுட்பப் பயிலகத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கிண்டியில் 1968-லிருந்து சிப்பெட் என்ற மத்திய சர்க்கார் நிறுவனம் இருக்கிறது. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் பத்தாவது படித்தவர்களுக்கே அங்கே டிப்ளமோ உண்டு. ப்ளஸ் டூவில் அறிவியல் படித்த பெண்ணானால், நம் ஸ்டான்லி போன்ற சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளில் ரத்தப் பரிசோதனை மாதிரியான ஆய்வக வேலைக்கு டிப்ளமோ படிக்கலாம். தரமணியில் பெண்களுக்கென்றே இருக்கும் பாலிடெக்னிக்குக்கு டாக்டர் தர்மாம்பாள் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் சித்த வைத்தியர். 1938-ல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைக்குப் போனவர். சிறைக்கே அஞ்சாதவர் பெயரில் இருக்கும் கல்லூரிக்குப் பேத்தியை அனுப்ப நாம் அஞ்சலாமா?

தூரம் என்பீர்கள். திருவொற்றியூரிலிருந்து கிண்டி தூரம்தான். ஆனால் 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது. வண்டி மாறாமலே கிண்டியில் இறங்கலாம். தரமணிக்குக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயில் இருக்கிறது. மெட்ரோ கட்டணம் கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கு, 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாத பிரயாணம் வந்தது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் ஆர்.கே. நகரிலும் புரசைவாக்கத்திலும் அரசினர் பாலிடெக்னிக்குகள் உண்டு. வடசென்னைக்கென்று ஓர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் உண்டு. தனியார் கல்லூரியின் கட்டணத்தையும் சர்க்கார் பாலிடெக்னிக்கின் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகு நகைப் பெட்டியைத் திறக்கலாமா, பூட்டியே வைக்கலாமா என்று பெட்டியே சொல்லிவிடும்.

படித்து முடித்ததும் வேலை? அதற்கும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 1961-ல் வந்த தொழில் பழகுநர் சட்டப்படி தொழிற்சாலைகள் பழகுநர்களை எடுத்துக்கொண்டு, உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்பிக்க வேண்டும். 2019-ல் திருத்திய விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனங்களுக்கு இது கட்டாயம். டிப்ளமோ முடித்தவர்கள் இதற்காகப் பதிந்துகொள்ளத் தரமணியில் தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. ஒரு வருஷம் பழகுநராக இருந்தவர்களுக்கு அங்கேயே வேலை நிச்சயம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கேட்டில் போய் நிற்கும்போது, "அனுபவம் உண்டா?" என்ற கேள்விக்குத் தலைகுனிய வேண்டியிராது.

இப்போது திருவொற்றியூர் சகோதரிக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா, நகையை அடகு வைக்க அவசரப்படாதீர்கள். உங்கள் பெண் ஆறாவதிலிருந்து அரசாங்கப் பள்ளியில் படித்தவள். அப்படிப் படித்தவர்களுக்கு இன்ஜினீயரிங் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடத்தை ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்தது. கலந்தாய்வு மூலம் அந்த இடம் கிடைத்தால் கட்டணத்தைச் சர்க்கார் ஏற்றுக்கொள்ளும் என்றும் அறிவித்தார்கள். ஆகவே தனியார் கல்லூரிக்காரர்களிடம் நேரே போய்ப் பணம் கட்டுமுன், கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுங்கள். அதே கையோடு பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் வருஷத்துக்கும் விண்ணப்பம் போடுங்கள். ஒன்றுக்குப் போட்டால் மற்றொன்றுக்குப் போடக்கூடாது என்பதில்லை. நல்ல கல்லூரியில், ஒதுக்கீட்டில் இடம் வந்தால் சந்தோஷமாக அனுப்புங்கள். வராவிட்டால் பெண் சொல்கிறபடியே பாலிடெக்னிக். அவள் சொல்கிற வழியில் ஒரு வருஷம்தான் கூடுதல், கடன் இல்லை.

இன்னொன்று. அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிக்க மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. தொடங்கிய இடம் எது தெரியுமா? நம் வடசென்னை பாரதி மகளிர் கல்லூரிதான்! பட்டப்படிப்புக்கு மட்டுமல்ல, டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ. படிப்புக்கும் சேர்த்தே அந்தத் திட்டத்தை வகுத்தார்கள். சேருகிற அன்றே கல்லூரி அலுவலகத்தில், "இதற்கு என்ன காகிதம் தர வேண்டும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கை பெண் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையில்தான் சொல்கிறார். "அண்ணா, பத்திரிகையில் என்ன போடுவது என்று இன்னும் ஐந்து வருஷம் கழித்து யோசிக்கலாம். அதற்குள் அவள் பி.இ.யே முடித்திருப்பாள். நீங்கள் இப்போது அவளுக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியார் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். மாமாவிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவரே நம் கட்சிதான்!

பெண்ணிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டிய வாக்கு ஒன்று உண்டு, நீங்கள் அவளுக்குக் கொடுக்க வேண்டிய வாக்கு ஒன்று உண்டு. டிப்ளமோ கையில் வந்த பிறகு மேலே படிக்கும் எண்ணத்தை விடமாட்டேன் என்று அவள் சொல்ல வேண்டும். அதுவரை வரன் பேச்சு எடுக்கமாட்டோம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி, சுவாமி படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள். மறந்துபோகிறவர்களுக்கு எடுத்துக் காட்டலாம்.

மற்ற வீடுகளில் இருக்கும் தாய்மார்களுக்கும் இந்த வாரம் ஒரு வேலை கொடுக்கிறேன். கையேட்டிலும் விளம்பரத்திலும் படம் பார்த்து முடிவு செய்யாமல், பெண்ணையோ பிள்ளையையோ அழைத்துக்கொண்டு ஒரு நாள் நேரில் போய் வாருங்கள். காலை சமையலை முடித்துவிட்டு பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் இரண்டு இடம் பார்த்துவிடலாம். மூன்று கேள்வியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். தன் படிப்புக்குத் தானே கேள்வி கேட்கிற பிள்ளை, நாளைக்குத் தன் சம்பளத்துக்கும் தானே கேள்வி கேட்கும்.

போய்ப் பார்த்து வந்தவர்கள், எந்தப் பட்டறையில் எண்ணெய் இருந்தது, எதில் தூசி இருந்தது என்று எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.